கப்டனைச் சுமந்தவர்கள்

"1996 ஒக்டோபர் 12, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு, இதுவரை உலகம் அறியாத ஒரு போரின் இறுதி உண்மைகள் கொலோன் மாநகரில் திறந்துவைக்கப்படும். அனைவரும் திரண்டு வருக. வடையும் ரோல்ஸும் உண்டு."

துண்டுப்பிரசுரத்தை எழுதியவர் ஜெர்மனியின் கொலோன் நகரத் தமிழ்ச் சங்கச் செயலாளர் சோதிலிங்கம். முதல் இரண்டு வசனங்களுக்கு அவருக்கு ஒரு வாரம் பிடித்தது. மூன்றாவதைச் சேர்க்கச் சொன்னது மனைவி மகாதேவி. அது இல்லாவிட்டால் உலகம் தொடர்ந்தும் அறியாமலே இருந்துவிடும் என்பது அவளுடைய கணிப்பு.

திறக்கப்பட இருந்தது ஒரு பழுப்பு நிறச் சூட்கேஸ். கப்டன் நடேசனுடையது. அறுபத்துநாலு பேர் கொண்ட ஓர் இயக்கத்தின் தளபதியாக இருந்து, இன்னோர் இயக்கத்திடம் ஒரே பின்னேரத்தில் தோற்று, 1985இல் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியவர் அவர். பதினொரு வருடம் உணவகமொன்றில் கோப்பை கழுவினார். கப்டன் பட்டத்தை மட்டும் கழற்றி வைக்கவில்லை. இந்தச் சித்திரையில் மாரடைப்பில் போய்விட்டார்.

காலையிலிருந்தே சோதிலிங்கத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. பாதி பெருமிதம். ஷெல் துண்டு பாய்ந்த தோளிலேயே காயம்பட்ட கப்டனைச் சுமந்து, இடுப்பளவு தண்ணீரில் கடனீரேரியைக் கடந்தவர் அவர்தான் என்பது சங்கமே அறிந்த செய்தி. மகாதேவியின் தகப்பன் அந்தத் தோளை நம்பித்தான் பெண் கொடுத்தார். வரப்போகும் தலைவர் தேர்தலுக்குச் சோதிலிங்கமும் அதே தோளைத்தான் நம்பியிருந்தார்.

மறுபாதி பயம். தழும்பு உண்மையில் சாவகச்சேரி பேக்கரியில் போறணை அடுப்பின் தட்டு சுட்டது. அகதி முகாமில், தஞ்சம் கேட்கும் விசாரணையில் சொல்ல ஒரு கேஸ், அதாவது ஊரைவிட்டு ஓடிவந்த கதை, இல்லாமல் அவர் முழித்துக்கொண்டிருந்த நாளில், கப்டன் அந்தத் தழும்பை இரண்டு தரம் தடவிப் பார்த்துவிட்டு, ஒரு தேத்தண்ணிக்கு நாலு பக்கம் எழுதிக் கொடுத்தார். இது உனக்கு மட்டும், வெளியில மூச்சு விடாதே என்றார். பத்து வருடம் சொல்லிச் சொல்லி, மழைக்காலங்களில் அந்தத் தோள் நிஜமாகவே உளையத் தொடங்கியிருந்தது.

கரைச்சல் என்னவென்றால், கப்டன் எதை எழுதினாலும் காபன் தாள் வைத்துத்தான் எழுதுவார். இராணுவ ஒழுங்கு. அந்தப் பிரதி உள்ளே கிடந்தால்? முன்கூட்டியே அதை உருவிவிட, கப்டனோடு ஒரே அறையில் இருந்த மகேந்திரராஜாவிடம் மூன்று நாள் அலைந்தார்.

"அண்ணை, கொஞ்சம் ஒழுங்குபடுத்தவேணும். சூட்கேஸின்ர திறப்பை ஒருக்காத் தாங்கோ."

"ஏலாது. டெர்மின் எண்டா டெர்மின், குறிச்ச நேரம் மூண்டு மணி. மூண்டு மணிக்குத் தாறன்."

ஜெர்மன்காரன்கூட ஐந்து நிமிடம் விட்டுக்கொடுப்பான்.

சங்கத்து வழக்கப்படி மூன்று மணி என்றால் ஐந்தரை. அன்றோ இரண்டரைக்கே மண்டபம் நிறைந்துவிட்டது. எப்போதும் காலியாகக் கிடக்கும் முன்வரிசையில் ஆண்கள் இடித்துக்கொண்டு இருந்தார்கள். இனத்துக்கு இவ்வளவு வரலாற்றுப் பற்றா என்று சோதிலிங்கத்துக்குக் கண் கலங்கியது. சூட்கேஸைத் தூக்க ஒன்பது பேர் ஓடிவந்தார்கள். அதில் ஒருவர் அதைக் கழிவறைப் பக்கமாகக் கொண்டுபோகப் பார்த்தார்.

மூன்றுக்கு மகேந்திரராஜா திறந்தார். வரைபடம் இல்லை, நாட்குறிப்பு இல்லை. சப்பாத்துக் கயிற்றால் கட்டிய காபன் பிரதிகள்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் கட்டை வாசிக்கத் தொடங்கினார். ஷெல் துண்டு, தோள், தளபதி, கடனீரேரி. சோதிலிங்கம் வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டார். மகாதேவியோ பின்வரிசைக்கும் தன் முகம் தெரியட்டும் என்று திரும்பி உட்கார்ந்தாள். அடியில் இருந்த பெயரை மகேந்திரராஜா வாசித்தார். அது பலசரக்குக் கடை சிறீதரனின் பெயர்.

சோதிலிங்கத்துக்கு வந்த நிம்மதி ஒரு கணம்கூட நிற்கவில்லை. என்னுடைய தோள் இவனுக்கு எப்படிப் போனது?

இரண்டாவது கேஸில் தோளுக்குப் பதில் முழங்கால். மூன்றாவதில் காது. தளபதியும் கடனீரேரியும் மாறவில்லை; இடுப்பளவு தண்ணீர்கூட அரை அங்குலம் ஏறி இறங்கவில்லை. முன்வரிசை ஆண்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் கூரையைப் பார்த்தார்கள். அவர்களுடைய மனைவிமார் அவர்களைப் பார்த்தார்கள். சோதிலிங்கம் ஒன்பதாவதாக வந்தார். மொத்தம் நாற்பத்துமூன்று.

மகாதேவி எழும்பி நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"இத்தினை பேர் மாறி மாறிக் காவியிருக்கிறியள். அந்தாளின்ர கால் எப்பதான் நிலத்தில பட்டது?"

சூட்கேஸின் அடியில் இன்னும் ஒரு தாள் கிடந்ததைச் சோதிலிங்கம் கண்டார். கப்டனுடைய சொந்தக் கேஸ். பாய்ந்து எடுத்தார். நாற்பத்துமூன்றில் யாராவது ஒருவன் உண்மையாகவே சுமந்திருக்கத்தானே வேண்டும்? அது ஏன் தானாக இருக்கக்கூடாது? அந்தக் கணத்தில் பேக்கரி அவருக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது. நாற்காலிகள் கரகரக்க முன்வரிசை முழுவதும் எழுந்து அவரைச் சூழ்ந்தது. ஒவ்வொருவரும் தன் பெயரைத் தேடினார்.

நாலு வரிதான். தாளின் மேல் மூலையில் 'நம்பத்தக்கதல்ல' என்று ஜெர்மனில் அகதி அலுவலகத்தின் முத்திரை. கீழ் மூலையில் குண்டூசியால் குத்திய ஒரு பஸ் டிக்கெட்.

"ஆயுதங்களை வைத்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். வைத்துவிட்டோம். யாருக்கும் காயமில்லை. பஸ்ஸில் இடமிருக்கவில்லை, நின்றுகொண்டு போனேன்."