பெட்டிக்கு வைத்த பொட்டு

சுலோசனாவின் டிபன் கடைச் சுவரில் அந்தப் பெட்டி வந்து உட்கார்ந்த நாளிலிருந்து தெருவில் அதே பேச்சுதான். கரண்டில் ஓடுகிற வண்டிகளுக்கு சார்ஜ் ஏற்றும் பெட்டி. டிபன் கேரியர் உயரம்கூட இருக்காது. மேலே ஒரு பச்சை விளக்கு, கீழே கறுப்புக் கட்டங்களாக ஒரு ஸ்டிக்கர், அடியில் பிளக் மாட்ட ஒரு துளை. அவ்வளவுதான்.

வேப்பம்பட்டு ஸ்டேஷனிலிருந்து உள்ளே தள்ளிக் கிடக்கும் அந்தத் தெருவுக்கு எல்லாமே கடைசியாகத்தான் வரும். ரோடு அப்படித்தான் வந்தது, தண்ணீர்க் குழாயும் அப்படித்தான். கூரியர்காரன் இன்றைக்கும் ஸ்டேஷன் வாசலில் நின்றுகொண்டு, "எங்கம்மா இருக்கு உங்க வீடு?" என்று போனில் கத்துவான். அந்தத் தெருவுக்கு, மற்ற தெருக்களை முந்திக்கொண்டு ஒரு பொருள் வந்திருக்கிறதே என்று சுலோசனாவுக்கு ஆச்சரியம் அடங்கவேயில்லை. கடையைச் சாத்தும்போதுகூட அந்தப் பச்சை வெளிச்சத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவாள்.

வண்டிதான் ஒன்றும் வரவில்லை.

"இன்னாக்கா, உன் பொட்டியப் பாக்க இன்னிக்காவது யாராச்சும் வந்தாங்களா?" என்பாள் எதிர்வீட்டு பேபி.

"வருவாங்கடி. உன் வாயத் தாண்டி வர நேரமாவுது."

பெட்டியை மாட்டிவிட்டுப் போன அசோக் ஒருநாள் போன் செய்தான். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு வண்டியும் வரலன்னு கம்பெனில கேக்கறாங்க. ஆயுத பூஜை முடிஞ்சதும் கழட்டிப் பூந்தமல்லில மாட்டச் சொல்லிட்டாங்க."

சுலோசனா அந்தப் பச்சை விளக்கைத் திரும்பிப் பார்த்தாள். "சரி தம்பி. பூஜையாவது இங்க நடக்கட்டும்," என்றாள்.

ஆயுத பூஜையன்று அவள் கணவர் சின்னப்பையன், அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர், தன் ஸ்பானர்களையும் சைக்கிளையும் கழுவிப் பொட்டு வைத்தார். சுலோசனா பெட்டியைத் துடைத்து மாலை போட்டாள். அந்த ஸ்டிக்கர் இருந்த இடம்தான் அவள் கண்ணுக்கு நெற்றியாகப் பட்டது. அதில் தாராளமாகச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தாள். பொரிகடலை படைத்து, சூடம் காட்டி, பூஜை பார்க்க வந்த பேபியோடு எல்லோரும் நிமிர்ந்தபோது தெருமுனையில் ஒரு கார் திரும்பியது.

சத்தமே இல்லை. மழைத் தண்ணீர் வழிவதுபோல வந்து, நேராகக் கடை வாசலில் நின்றது. யாரிடமும் வழி கேட்கவில்லை.

இறங்கிய பெண் கிருஷ்ணப்பிரியா. கணவன் ரோஹித்தோடு திருப்பதி போய்விட்டு முகப்பேர் திரும்புகிறாளாம். "வழில இருந்த ரெண்டு சார்ஜ் ஸ்டேஷன்லயும் க்யூம்மா. மேப்ல உங்க கடை காட்டுச்சு. ஒரு மணி நேரம் போட்டா வீட்டுக்குப் போயிடுவோம். இல்லன்னா ஆவடிகூடத் தாண்டாது."

"என் கடையா? உங்க போன்லயா?"

ரோஹித் பெட்டி முன்னால் போனை நீட்டிவிட்டுத் தயங்கினான். "அம்மா, இந்த ஸ்டிக்கரைப் படம் புடிச்சாத்தான் மிஷின் வேலை செய்யும். அது மேலதான் பொட்டு இருக்கு."

"தொடச்சுடுக்கா," என்றாள் பேபி. சொன்னவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இன்னாமே பேசறே?" என்று சின்னப்பையன் அதட்டினார். "பூஜை போட்டத நாளிக்கு வரிக்கும் தொடக் கூடாது. என் ஸ்பானரயே நான் தொட மாட்டேன். வெச்ச பொட்ட அழிக்கறதாம்."

கிருஷ்ணப்பிரியாவுக்கும் முகம் மாறியது. "வேணாம் ரோஹித். பொட்டை அழிக்கச் சொல்லி எனக்கு சார்ஜ் வேணாம். மெதுவா ஓட்டிப் பாக்கலாம்."

ரோஹித் கார் கதவைத் திறந்தான். வந்த ஒரே வண்டி. அது போய்விட்டால் நாளைக்கு அசோக் ஸ்க்ரூ டிரைவரோடு வந்து நிற்பான்.

"இரு கண்ணு," என்றாள் சுலோசனா.

பெட்டியிடம் போனாள். விரலால் குங்குமத்தை எடுத்து, கிருஷ்ணப்பிரியாவின் நெற்றியில் வைத்தாள். மறுபடி எடுத்துப் பேபிக்கு வைத்தாள். ஈரச் சந்தனத்தை வழித்து ரோஹித்தின் நெற்றியில் ஒரு கீற்று, காரின் முகப்பில் மூன்று பட்டை.

"அழிக்கலய்யா," என்றாள் கணவரிடம். "பிரசாதம் குடுக்கறேன். அதுக்கும் நாளிக்கு வரிக்கும் இருக்கணுமா?"

சின்னப்பையன் பெட்டியைப் பார்த்தார், காரைப் பார்த்தார். பிறகு மெல்லக் குனிந்து நெற்றியைக் காட்டினார். மிச்சச் சந்தனம் அவருக்குப் போயிற்று.

ரோஹித் பிளக்கைச் செருகிப் போனைக் காட்டினான். பெட்டிக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம். பச்சை விளக்கு நீலமானது. காரின் முன்னால் ஒரு சின்ன வெளிச்சம் மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கியது.

"ஏறுதா?" என்றாள் சுலோசனா குரலைத் தாழ்த்தி, தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் பேசுவதுபோல.

"ஏறுதும்மா."

புகை இல்லை, வாசனை இல்லை, இரைச்சல் இல்லை. இட்லிப் பானைக்குப் பக்கத்துச் சுவரிலிருந்து அத்தனை பெரிய வண்டிக்குள் ஏதோ போய்க்கொண்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியவில்லை. எல்லோரும் நின்று பார்த்தார்கள். பேபியும்தான்.

கிருஷ்ணப்பிரியா போனைச் சுலோசனாவிடம் நீட்டினாள். ஆவடி, திருநின்றவூர், ரயில் பாதை, அதற்கு இந்தப் பக்கம் ஒரு பச்சைப் புள்ளி. "இதுதாம்மா நீங்க."

"இத யாரெல்லாம் பாப்பாங்க கண்ணு?"

"கரண்டு வண்டி வச்சிருக்கவங்க யார் தேடினாலும் தெரியும். எந்த ஊர்லேர்ந்தும்."

சுலோசனா அந்தப் புள்ளியைத் தொடப் போய், விரலில் குங்குமம் இருப்பதைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டாள். எல்லா ஊரிலிருந்தும் தெரிகிற தன் வீட்டை அவள் இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறாள்.

அவர்கள் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அசோக்கின் போன் வந்தது. "அக்கா, பொட்டி ஓடுதுன்னு காட்டுது. நெஜமாவா?"

"வந்து பாரு. கழட்டறதுக்கு வராத, துன்றதுக்கு வா."

அவன் சிரித்தான். "ஓடற மிஷின யாருக்கா கழட்டுவாங்க?"

தெருமுனையில் மறுபடி ஒரு வண்டி திரும்பியது. சரக்கு ஏற்றும் கரண்டு ஆட்டோ. அதுவும் சத்தம் போடாமல், யாரையும் கேட்காமல், நேராக இங்கேதான் வந்தது. பேபி தானாகவே எழுந்து நாற்காலியை நகர்த்தி இடம் விட்டாள்.

சுலோசனா பெட்டியின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். இன்னும் ஒரு பொட்டுக்கான குங்குமம் அங்கே ஒட்டியிருந்தது.