எங்கள் வீட்டு பாஸில் ஒயர் ஏறிய விதம்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை மறைத்து எழுதிப் பார்த்தேன், வரவில்லை.

என் தங்கைக்கு ஐம்பத்தெட்டு வயது. வயலின் வடிவத்தில் ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் டபுள் பாஸை ஓர் உணவு விடுதியின் இசைக்குழுவில் பதினெட்டு வருடமாக வாசிக்கிறாள். போன மாதம் குழுவுக்குக் கை பலமான புது ட்ரம்ஸ்காரர் வந்தார். அதன்பின் ஓர் ஒத்திகையில், குழுவை நடத்தும் பியானோக்காரர் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "அக்கா வாசிக்கிறது கண்ணுக்குத் தெரியுது, காதுக்குத்தான் தெரியலை." ஞாயிறு மதியத்துக்குள் பாஸ் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் பாஸ் கிட்டார்காரர் ஒருவரை அழைத்துவிடுவேன் என்றார்.

அவளுக்குப் போகவிருந்தது அவள் இடம். எனக்கு, வீட்டின் பெயர்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

(எங்கள் அப்பா வாசித்தால் நானூறு பேர் உட்காரும் மண்டபத்தில் கடைசி வரிசைவரை ஒயர் இல்லாமலே கேட்கும். அப்படிப்பட்ட பாஸில் போய்...)

தங்கை படித்துவிட்டு ஓரத்தில் பென்சிலால் எழுதினாள்: "அப்ப ட்ரம்ஸ் கிடையாது." வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டேன். நீங்களும் பார்க்க வேண்டும் என்றுதான் அடிக்காமல் வைத்திருக்கிறேன்.

அவள் கேட்டதெல்லாம் ஒரு பிக்கப். கருவியின் அதிர்வை வாங்கி, ஓசையைப் பெருக்கும் ஆம்புக்கு அனுப்பும் சின்னச் சாமான். அதிகச் செலவு வேண்டாம், என் கைக்கு அடங்கினால் போதும் என்றாள். எங்கள் பாஸில் ஒயர் ஏறாது என்றேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் நானே செருப்பை மாட்டினேன். ஒயர் ஏறத்தான் போகிறது என்றால், அதைத் தேர்ந்தெடுப்பது இந்த வீட்டு மூத்தவனாக இருக்கட்டும்.

3

இசைக்கருவிக் கடையில் இருந்தது ஒரு பெண். கைக்கு அடக்கமான விலையில் இரண்டு வகை எடுத்து வைத்தாள். ஒன்று, குதிரையின் பிளவுக்குள் செருகுவது. மற்றது காந்த வகை. விரல்பலகையின் நுனியில், கம்பிகளுக்கு அடியில் பிடிப்பான் போட்டு மாட்டுவது.

* குதிரை என்பது கம்பிகளைத் தூக்கிப் பிடித்து நிற்கும் மரத்துண்டு. இரு பக்கமும் சிறகு மாதிரி விரிந்து, சிறகுக்கும் காலுக்கும் நடுவே ஒரு பிளவு இருக்கும். எங்கள் பாஸின் குதிரை அப்பா கையால் செதுக்கியது. அதை யாரும் தொடக்கூடாது. இந்தக் கதையின் எல்லாத் தொல்லையும் இந்த ஒரு வரியிலிருந்து வருகிறது.

ஆகவே குதிரையைத் தொடாத காந்த வகையை எடுத்தேன். அடுத்து ஒரு வாக்கியம் எழுதினேன்: "என்ன கம்பி என்று அந்தப் பெண் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

ஓரத்தில் பென்சில்: "அவ கேட்டா அண்ணா. நானும் பக்கத்துலதான நின்னேன்."

கேட்டாள். "என்ன கம்பி போட்டிருக்கீங்க ஐயா?" என்றுதான் கேட்டாள். மட்டமான கம்பியா என்று கேட்பதாக எனக்குப் பட்டது. "எங்க வீட்ல நல்ல கம்பிதாம்மா போடுவோம்" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் பொட்டலம் கட்டினாள்.

4

ஒத்திகையில் மாட்டினோம். குமிழைப் பாதிக்குத் திருப்பினேன், பிறகு முழுசாக. ஆம்ப் உறுமியது. தங்கை வாசித்தாள். ஆம்ப் அதே உறுமலை உறுமிக்கொண்டிருந்தது. அவள் வாசித்ததில் ஒரு சுரம்கூட அதற்குள் போகவில்லை.

பியானோக்காரர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். "ஐயா, இது ஆட்டுக்குடல் நரம்பு. காந்தத்துக்கு இரும்பு வேணும். இது எப்படிக் கேக்கும்?"

உலகம் முழுவதும் எஃகுக்கு மாறியபோதும் நாங்கள் நரம்பை விடவில்லை. தடித்த இரண்டின் மேல் செம்பு சுற்றியிருக்கும். செம்பையும் காந்தம் சீண்டாது. குதிரையைக் காப்பாற்றப் போய், நான் ஊரெல்லாம் பெருமை பேசிய நரம்பையே மறந்திருந்தேன். இப்படியொரு தவறைச் செய்ய எங்கள் வீட்டு ஆளால்தான் முடியும்.

(இந்த இடத்தில் நான் மயங்கி விழுவதாக ஒரு வரைவு உண்டு. விழவில்லை. நின்றேன்.)

தங்கை பாஸுக்கு உறை போட்டாள். வாசலில்தான் பேசினாள்: "ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருக்கு அண்ணா. குதிரையைத் தொடுவமா, இல்ல நான் வீட்லயே உக்காந்துடவா?"

5

மறுநாள் கடையில் நான் சொன்னது: "நீ கேட்டம்மா. நான்தான் சரியாச் சொல்லலை. தப்பு என்னோடது." இந்த வரி இந்தத் தாளில் ஏற நான்கு வரைவு ஆயிற்று. அந்தப் பெண் சிரிக்காமல் மாற்றிக் கொடுத்தாள். கூடவே ஒரு சிறு ப்ரீஆம்ப் பெட்டியையும் வாங்கச் சொன்னாள். பிக்கப்புக்கும் ஆம்புக்கும் நடுவில் அது இல்லாவிட்டால் தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி கேட்கும் என்றாள்.

வீட்டில், பிக்கப்பின் தகடு அப்பாவின் பிளவுக்குள் நுழைய மறுத்தது. மயிரிழை பெரிது. அழுத்தித் திணித்தால் ஓசை நெரியும், சிறகும் விண்டுவிடலாம். நரம்புகளைத் தளர்த்தவில்லை; தளர்த்தினால் குதிரை சாயும், பாஸின் வயிற்றுக்குள் நிற்கும் மரத்தூணும் விழும். தங்கை உப்புத்தாளை மடித்துப் பிளவுக்குள் விட்டுத் தேய்த்தாள். நான் அடியில் துணி பிடித்தேன். தேய்ப்பதும் செருகிப் பார்ப்பதுமாக மூன்று முறை. மெல்லிய நரம்புப் பக்கம் வைத்தபோது ஓசை கீச்சென்றது. தடித்த நரம்புப் பக்கப் பிளவையும் அதே போலத் தேய்த்து, அங்கே மாற்றியதும் ஓசைக்கு உடம்பு வந்தது.

துணியில் ஒரு சிட்டிகை மரத்தூள். மடித்து வைக்கலாமா என்று நான் யோசிப்பதற்குள் அவள் ஊதிவிட்டாள்.

6

இனி முடிவு. இரண்டு எழுதினேன்.

ஒன்றில் பியானோக்காரர் கும்பிட்டு, "மன்னிச்சிடுங்க அக்கா" என்கிறார். இன்னொன்றில் பாஸ் கிட்டார்காரர் வந்துவிடுகிறார். தங்கை நிமிர்ந்த தலையோடு படியிறங்குகிறாள். இரண்டையும் அவள் குறுக்கே கோடு போட்டு அடித்தாள். "அவர் என்ன சொன்னார்ங்கிறது எதுக்கு? நான் வாசிச்சதை எழுதுங்க."

எழுதுகிறேன். ஞாயிறு மதியம். விடுதிக்கு இன்னும் ஆட்கள் வரவில்லை. பியானோக்காரர் கடைசி வரிசையில், எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருக்கிறார். மேடையில் ட்ரம்ஸ்காரர் தயவு தாட்சண்யம் இல்லாமல் அடிக்கத் தொடங்குகிறார். தங்கை, தோளில் பாஸைச் சாய்த்து, எவர் முகத்தையும் பார்க்காமல் கீழ்ச்சுரத்தில் இறங்கி, ஒவ்வொரு அடியாக மேலே வருகிறாள். ஒரு சுற்று முழுசாக வாசித்து நிறுத்துகிறாள்.

"கேக்குதா அண்ணா?"

நான் வாயைத் திறக்கும் முன் பியானோக்காரர் கையைத் தூக்குகிறார். "அண்ணன் சொல்றது செல்லாது. வேற யாராவது சொல்லட்டும்."

சொன்னது நியாயம். என் காது இந்த வீட்டுக் காது. ஆகையால்தான் உங்களை இவ்வளவு தூரம் கூட்டிவந்தேன். நீங்கள் எங்களுக்கு உறவில்லை, அவரிடம் வேலை பார்ப்பவரும் இல்லை. எனக்கும் அவருக்கும் நடுவே இருக்கும் இரண்டு நாற்காலியில் ஒன்றில் உட்காருங்கள். அவள் இன்னொரு சுற்று வாசிப்பாள். உள்ளதைச் சொல்லுங்கள்.

சொல்லும்போது மட்டும் எழுந்து நின்று சொல்லுங்கள். அவள் நின்றுகொண்டுதான் வாசிக்கிறாள்.