ஏழாவது பாடத்தில் இருந்த எண்

விடிகாலை நாலேமுக்காலுக்குச் சத்யப்பிரியா மின்விசிறியை நிறுத்தினாள். அவளுடைய வேலைக்கு அதுதான் சங்கு. ஜன்னலை மூடி அதன்மேல் கனத்த போர்வையைத் தொங்கவிட்டாள். சுவரோரம் கிடந்த பனியன் வேஸ்ட் மூட்டைகளை மேசையைச் சுற்றி நெருக்கி அடுக்கினாள். துணிமூட்டை சுற்றி இருந்தால் குரல் சுவரில் மோதித் திரும்பாது. அருள்புரத்தில் வேறு எதற்குப் பஞ்சம் வந்தாலும் கழிவுத்துணிக்குப் பஞ்சம் வராது.

மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து மைக்கைச் சாண் தூரத்தில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு ஆங்கில வாக்கியத்தையும் மூன்று வேகத்தில் சொல்ல வேண்டும். முதலில் மெதுவாக, பிறகு நடுத்தரமாக, கடைசியில் பேசுகிற வேகத்தில். பஞ்சுத் தூசி தொண்டையில் இறங்கும். இருமினால் மறுபடி முதலிலிருந்து. வியர்வையைத் துடைத்தால் துணி உரசுகிற சத்தம் மைக்கில் ஏறும். துடைக்காமல் பேசப் பழகிக்கொண்டிருந்தாள். எட்டரைக்குப் பக்கத்துக் கம்பெனியில் ஷிப்டு ஆரம்பித்துவிட்டால் ஓவர்லாக் மிஷின்களின் இரைச்சலில் எதுவும் நடக்காது. "ஊட்டுல உக்காந்துட்டுப் பேசற வேலைதானுங்களே" என்பார் வீட்டுச் சொந்தக்காரர். ஒருநாள் அந்த மூட்டைகளுக்குள் அவரை உட்காரவைக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

ஐந்தரைக்கு நேரடி வகுப்பு. முப்பது பேர் திரையில் வருவார்கள். எல்லாரும் பனியன் கம்பெனிகளில் சூப்பர்வைசர், மெர்ச்சண்டைசர் என்று இருப்பவர்கள்; வெளிநாட்டு வாங்குநரிடம் தலை நிமிர்ந்து பேச ஆங்கிலம் வேண்டும் என்று வருகிறவர்கள். எல்லாரும் கேமராவை அணைத்திருப்பார்கள். முப்பது கறுப்புக் கட்டங்கள். கருப்புசாமி என்கிற தரப்பரிசோதகரின் முகத்தை மட்டும் அவள் ஒருமுறை பார்த்திருக்கிறாள். சவர நுரையோடு தவறுதலாகக் கேமராவை அழுத்திவிட்டார். அந்தப் பாதி முகத்தை நினைத்து இரண்டு நாள் சிரித்தாள். சொல்லிச் சிரிக்க வீட்டில் ஆள் இல்லை.

சத்யப்பிரியாவும் ஒரு காலத்தில் கம்பெனிக்குப் போனவள்தான். எட்டு வருடம் செக்கிங் மேசையில் டியூப்லைட்டுக்குக் கீழே நின்று, ஓட்டை இருக்கும் இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டியவள். தபாலில் எம்.ஏ. ஆங்கிலம் படித்தாள். கணவன் சூரத்துக்குப் போனான், பிறகு அங்கேயே இருந்துவிட்டான். செக்கிங் மேசையில் பக்கத்தில் நிற்கிறவள் சாப்பிட்டாயா என்று கேட்பாள், மாவரைக்க மறந்ததைச் சொல்லித் திட்டுவாள். இங்கே நாளெல்லாம் பேசுகிறாள். ஆனால் அவளிடம் பேசத்தான் யாரும் இல்லை.

இப்போது வேலை தருவது ஒரு மொழிப் பயிற்சி நிறுவனம். ஆங்கிலம், ஜெர்மன், ஸ்பானிஷ் என்று மூன்று மொழி. வகுப்புகளைவிட அதற்குப் பெரிய வரும்படி 'பேங்க்' என்று எல்லாரும் சொல்லும் இணையதளம்தான். பாடத்தாள், ஒலிப்பதிவு, வினாத்தாள் எல்லாம் அங்கே இருக்கும். பல மாநிலங்களில் இருக்கும் மொழி ஆசிரியர்கள் சந்தா கட்டி எடுத்துக்கொள்வார்கள். அவற்றைச் செய்கிறவர்கள் இங்கே ஆளுக்கொரு வீட்டில் ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள். பாடத்தில் பெயர் வரக்கூடாது, சொந்தப் போன் எண் வரக்கூடாது, ஒருவரோடொருவர் தொடர்பு வைக்கக்கூடாது என்பது விதி. அவள் வெறும் 'டி-14'. மற்றவர்களை அவள் ஒலிப்பதிவுகளின் பின்னணியில் கேட்ட சத்தத்தை வைத்துத்தான் அறிவாள். ஸ்பானிஷ் சொல்லித்தருபவளுக்குப் பின்னால் ஒரு கைக்குழந்தை. ஜெர்மன் ஆளுக்குப் பின்னால் கல்லில் உளி விழும் சத்தம்.

அந்த விதியை அவள் ஒருமுறை மீறியிருந்தாள், தெரியாமல். இரண்டு வருடத்துக்கு முன் நூறு டிகிரி காய்ச்சலில் ஏழாவது பாடத்தை எழுதினாள். போனில் பேசும் பாடம். 'லில்லியோடு பேசலாமா?' என்று ஒருவர் கேட்க, இன்னொருவர் லில்லியின் எண்ணைத் தர வேண்டும். எந்த எண்ணைப் போடுவது என்று யோசிக்கத் தெம்பில்லாமல் கைக்கு வந்த எண்ணை அடித்தாள். கைக்கு வந்தது அவளுடைய சொந்த எண். பெயரைத் தேடித் தேடி அழித்த நிறுவனம், பயிற்சிக்குள் இருந்த எண்ணைக் கவனிக்கவில்லை.

அன்றிலிருந்து எங்கெங்கிருந்தோ அழைப்பு வரும். "மே ஐ ஸ்பீக் டு லில்லி?" என்று அந்தப் பாடம் படிக்கிற யாராவது பயந்த குரலில் கேட்பார்கள். "லில்லி இல்லீங்க" என்று வைத்துவிடலாம். அவள் வைக்கமாட்டாள். உச்சரிப்பைத் திருத்திவிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் வைப்பாள். விஷயம் வெளியே தெரிந்தால் வேலை போகும் என்ற பயம் ஒரு பக்கம். அந்த அழைப்புகள் நின்றுபோனால் போனே அடிக்காது என்ற பயம் இன்னொரு பக்கம்.

திங்கட்கிழமை முதலாளி தரணீதரன் எல்லா ஆசிரியர்களையும் இணையக் கூட்டத்துக்கு அழைத்தார். எல்லார் மைக்கையும் அவரே அணைத்துவிட்டார், கேமராவையும்தான். ஒன்றாம் தேதியிலிருந்து நேரடி வகுப்பு கிடையாது என்றார். பதிவு செய்த பாடங்களே ஓடும். புதுப் பாடங்களை அவரவர் குரலிலேயே மெஷின் பேசிக்கொள்ளும். அதற்குச் சம்மதம் என்று வெள்ளிக்கிழமைக்குள் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். போடாவிட்டால் அன்றோடு கணக்கு முடிந்தது. கூட்டம் ஏழு நிமிடத்தில் முடிந்தது.

அவள் அவருக்குப் போன் செய்தாள்.

"சார், எங்க குரல்ல மெஷின் பேசுனா, அப்புறம் எங்களுக்கு வேலை?"

"ஏனுங்க மிஸ், தெனமும் நாலு மணிக்கு எந்திரிச்சுத் தொண்டை கிழியக் கத்தோணும்னு உங்களுக்கு என்னங்க தலையெழுத்து? நிம்மதியா இருங்கன்னுதான் இந்த ஏற்பாடு."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். அவள் அதைச் சொல்லவில்லை.

"கையெழுத்துப் போட்டாலும் வேலை இல்லை, போடாட்டியும் இல்லை. அப்படித்தானுங்களே?"

"போட்டா அப்பப்ப எதாச்சும் திருத்தற வேலை தருவமுங்க. இத பாருங்க மிஸ், மத்தவங்க எல்லாம் போட்டுட்டாங்க. நீங்க ஒருத்தர்தானுங்க பாக்கி."

போனை வைத்தாள். அந்தக் கடைசி வார்த்தைதான் அவளை அடித்தது. இத்தனை நாள் தனியாக இருந்தாள், சரி. இப்போது தனியாக எதிர்க்கவும் வேண்டுமா? ஒற்றை ஆள் நின்று என்ன ஆகப்போகிறது? படிவத்தை அச்செடுத்து மேசைமேல் வைத்தாள். பேனாவையும் எடுத்து அதன்மேல் வைத்தாள்.

மறுநாள் பகல் பதினொரு மணிக்கு ஒரு அழைப்பு. "லில்லி இருக்காங்களா?" என்று தமிழில் கேட்டது ஓர் ஆண்குரல். பின்னால் கல்லில் உளி விழுந்துகொண்டிருந்தது.

பதிவுகளின் பின்னால் கேட்ட அதே சத்தம். "நீங்க ஜெர்மன் எடுக்கறவரா?"

"ஆமாங்க, முருகவேலுங்க. திருமுருகன்பூண்டியில சிலைப் பட்டறைக்கு மேல குடியிருக்கறேன். உங்க ஏழாவது பாடத்தை நான்தானுங்க ஜெர்மன்ல மாத்துனது. மத்த பாடத்துல எல்லாம் ஒண்ணு ரெண்டு மூணுன்னு பொய் நம்பராப் போட்டிருக்கும். இதுல மட்டும் நெச நம்பராட்டம் தெரிஞ்சுதுங்க. யாரோ மனுசங்க இருக்கறாங்கன்னு அன்னைக்கே நெனைச்சேன். கூப்பிடத்தான் தைரியம் வரலை."

"இன்னைக்கு எப்படி வந்துச்சுங்க?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "நான் இன்னும் கையெழுத்துப் போடலீங்க. நான் ஒருத்தன்தான் பாக்கின்னு சொல்றாரு. போட்ட ஒருத்தர்கிட்டயாவது ஏன் போட்டீங்கன்னு கேட்டுக்கலாம்னு..."

சத்யப்பிரியா மேசைமேல் கிடந்த படிவத்தைப் பார்த்தாள். "நானும் போடலீங்க. நான் ஒருத்திதான் பாக்கின்னு எங்கிட்டயும் சொன்னாரு."

அவருக்குக் கீழே பட்டறையில் யாரோ உளியை விடாமல் தட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு முருகவேல் சிரித்தார், அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை பேரிடம் இதே பொய்யைச் சொல்லியிருப்பான் அந்த மனுஷன்!

அன்று மாலையே அவள் பேங்குக்குள் போய் ஏழாவது பாடத்தைத் திறந்தாள். ஒவ்வொரு பாடத்துக்கும் கடைசியில் ஆசிரியர் குறிப்பு என்று ஒரு பகுதி உண்டு. அதை மாணவர்கள் பார்க்க முடியாது; மாற்றினால் பாடம் செய்கிற மற்றவர்களுக்குத் தகவல் போகும். எழுதியவள் அவள் என்பதால் திருத்தும் உரிமை இன்னும் அவளிடம் இருந்தது. தமிழில் எழுதினாள்: 'இந்தப் பாடத்தில் உள்ள எண் உண்மையானது. நீங்கள் ஒருவர்தான் பாக்கி என்று உங்களிடமும் சொன்னார்களா? அழையுங்கள்.' சேமிக்கும் பொத்தானை அழுத்தினாள். இனிமேல் தெரியாமல் நடந்த தவறு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. முருகவேல் ஜெர்மன் பாடத்திலும் அதையே எழுதினார்.

புதன்கிழமை காலை போன் அடிக்க ஆரம்பித்தது. ஈரோட்டிலிருந்து ஒருவர், பல்லடத்திலிருந்து இருவர். எல்லாரும் லில்லியைத்தான் கேட்டார்கள். எல்லாரிடமும் தரணீதரன் சொன்னது அதே பொய். வியாழக்கிழமை மதியம் கைக்குழந்தையின் அழுகை முதலில் கேட்டது, பிறகு குரல் கேட்டது. ஸ்பானிஷ் சொல்லித்தரும் அவிநாசிபாளையத்து தேஜஸ்ரீ.

"நான் போட்டுட்டேனுங்க அக்கா," என்று அவளும் அழுதாள். "எல்லாரும் போட்டுட்டாங்கன்னு நம்பிட்டேன். நீங்க எல்லாம் என்னை வையாதீங்க."

"யாரு கண்ணு உன்னை வையறது? நானும் பேனாவை எடுத்தவதான். நாளைக்குப் பத்து மணிக்கு எல்லாரும் ஆபீசுக்குப் போறோம், பிள்ளையத் தூக்கிட்டு வா."

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நிறுவனத்தின் மூன்றாவது மாடி அலுவலகத்துக்குப் பதினொரு பேர் படியேறினார்கள். வரமுடியாத மூன்று பேர் எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். கீழே வாசலில் முகம் பார்த்தபோது ஒருவரை ஒருவர் அடையாளம் தெரியவில்லை. வாயைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. தரணீதரனுக்குத்தான் யாரையும் தெரியவில்லை.

"யாருங்க நீங்க எல்லாம்?"

"உங்க டீச்சருங்கதான் சார்," என்றாள் சத்யப்பிரியா. "நான் டி-14."

அவர் எழுந்து, நாற்காலிகளை எண்ணிப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். "ஏனுங்க மிஸ், எல்லாரும் இவ்ளோ தூரம் வரோணுமா? ஆன்லைன்ல பேசியிருக்கலாமில்லீங்க?"

"ஆன்லைன்ல எங்க மைக் உங்க கையில இருக்குதுங்க சார்."

"உங்களை எல்லாம் யாரு சேர்த்துவிட்டது?"

"நீங்கதானுங்க," என்றார் முருகவேல். "எல்லார்த்துகிட்டயும் ஒரே பொய்யைச் சொன்னீங்கல்ல."

தரணீதரனின் முகம் மாறியது. ஆனாலும் மரியாதை மாறவில்லை. அந்த ஊரில் கழுத்தை அறுக்கும்போதும் 'ங்க' போட்டுத்தான் அறுப்பார்கள். "இத பாருங்க. இந்த வேலையை மெஷின் செஞ்சுருமுங்க. இந்த வருசம் இல்லீன்னா அடுத்த வருசம். உங்களால நிறுத்த முடியுமுங்களா?"

"மெஷினை நாங்க நிறுத்தச் சொல்லலீங்க," என்றாள் சத்யப்பிரியா. "எங்க தொண்டையை எழுதி வாங்காதீங்கன்னு சொல்றோம். நேர் வகுப்பு நடக்கோணும். பாடத்துல செஞ்சவங்க பேரு இருக்கோணும். படிவத்தைத் திருத்தி எழுதுங்க, உக்காந்து பேசலாம்."

"எனக்கு என் கையெழுத்தத் திருப்பிக் குடுங்க," என்றாள் தேஜஸ்ரீ, குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டே.

அவர் யாரையும் பார்க்காமல் கணினியைப் பார்த்தார். "திங்கக்கிழமை யோசிச்சுச் சொல்றமுங்க. ஆனா மிஸ், பாடத்துல சொந்த நம்பர் போட்டது விதிமீறலுங்க. உங்க ஐடி இப்பவே கட்."

படியிறங்கினார்கள். கீழே டீக்கடையில் பதினொரு டீ சொன்னார்கள். "சாப்பிட்டீங்களா?" என்று யாரோ சத்யப்பிரியாவைக் கேட்டார்கள். இல்லை என்று உண்மையைச் சொன்னாள் அவள்.

சனிக்கிழமையும் பழக்கத்தில் நாலேகாலுக்கே விழிப்பு வந்துவிட்டது. வகுப்பு இல்லை. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, அந்த நேரத்தில் அது ஓடுவதே விநோதமாக இருந்தது. திங்கட்கிழமை என்ன சொல்வார்களோ, அடுத்த மாத வாடகைக்கு எங்கே போவதோ, மறுபடி செக்கிங் மேசைக்கே போய் நிற்க வேண்டுமோ என்று படுத்தபடியே யோசித்தாள். நேற்றுப் பதினொரு பேரோடு நின்றவள்தான். ஆனாலும் விடியாத அறை அவளை மறுபடி ஒற்றை ஆளாக்கிவிட்டது.

ஐந்தரை தாண்டியதும் போன் அடித்தது.

"இன்னைக்கு நாங்க யாரும் லாகின் பண்ணலீங்க," என்றார் முருகவேல். "பதிமூணு பேரும். உங்க ஐடியைத் திறக்கற வரைக்கும் திறக்கறதில்லைன்னு ராத்திரியே பேசிக்கிட்டோம். உங்ககிட்டக் கேட்டா வேண்டாம்பீங்கன்னுதான் சொல்லலை."

அவர் வைத்த கையோடு இன்னொரு அழைப்பு வந்தது.

"மே ஐ ஸ்பீக் டு லில்லி?"

அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். சவர நுரை ஞாபகம் வந்தது.

"லில்லிதான் பேசறேனுங்க, கருப்புசாமி."

"மிஸ், ஏழாம் பாடத்துல இருந்த நம்பருங்க, அடிச்சுப் பார்த்தேன். வகுப்புல உங்க ரெக்கார்டு ஓடுதுங்க. குரல் உங்குளுதுதான், ஆனா கேள்வி கேட்டா பதிலே வரமாட்டேங்குது. அது பாட்டுக்குப் பேசுது. அதான் முப்பது பேரும் வெளியே வந்துட்டமுங்க. இருவது பேரு இப்ப லைன்ல இருக்கறாங்க. எங்க மிஸ்தான் வேணும்னு உங்க கம்பெனிக்கு எழுதலாம்னு இருக்கறோம். கடுதாசிய இங்கிலீசுலயே எழுதோணுமுங்க." அவர் செருமினார். "ஒப்புக்க மாட்டோம்னு மரியாதையா எப்படிங்க சொல்றது?"

சத்யப்பிரியா எழுந்து ஜன்னலில் தொங்கிய போர்வையைக் கழற்றினாள். கதவைத் திறந்ததும் சாயப்பட்டறை வாடையோடு காலைக் காற்று உள்ளே வந்தது. தெருவில் யாரோ சைக்கிளில் பெல் அடித்துப் போனார்கள். ஒலிப்பதிவு கெட்டுப்போகும் என்று இன்று யாரும் சொல்ல முடியாது.

"கேளுங்க எல்லாரும்," என்றாள். "வீ டூ நாட் அக்ரீ."

முதலில் மெதுவாகச் சொன்னாள். இருபது குரல்கள் திருப்பிச் சொல்லின, முன்னே பின்னேயாக. பிறகு நடுத்தரமாகச் சொன்னாள். பிறகு, அவர்கள் தயாரானதும், பேசுகிற வேகத்தில்.