ரோலர் பின்னின் இன்னொரு பாதி

தேயிலைக் கொழுந்து உருட்டும் ரோலரில் இரும்புப் பின் ஒடிந்து, அதில் வேலை செய்த சின்னராசாவின் வலது கை போனது. ஒரு மாதம் கழித்து, அந்தப் பின்னைச் சோதிக்கக் கொழும்பிலிருந்து ஓர் என்ஜினியரை வரவழைத்தார்கள். போன கை திரும்பி வரவா? பழியை யார் தலையில் கட்டலாம் என்று பார்க்கத்தான். தொழிற்சாலையில் மெஷின் பூட்டிக் கழற்றும் பிட்டர் நான் ஒருவன்தான். அப்புறம் கேட்க வேண்டுமா! குற்றம் என்னுடையது என்றால் வேலையை விட்டு நிறுத்தும் பத்துச்சீட்டு கையில். வேலையோடு, குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போய்விடும்.

அந்தப் பின் வந்த அன்றே அரம் போட்டுப் பார்த்தேன். இழுத்த இழுப்புக்கெல்லாம் இரும்பு தூளாக உதிர்ந்து வந்தது. "இரும்பு மெத்துனு இருக்குங்க, ரோலருக்குத் தாங்காது" என்று தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் றோலண்டிடம் சொன்னேன்.

"கொழுந்து காஞ்சு போவுது. அடிச்சு ஏத்து" என்றார்.

துளை இறுக்கம். பெரிய சுத்தியலால் தலையில் ஐம்பது அடியாவது அடித்துத்தான் ஏற்றினேன். பத்தாம் நாள் ஒடிந்தது.

என்ஜினியர் பெட்டியைத் திறந்து, நுனியில் எஃகுக் குண்டு வைத்த கருவி ஒன்றை எடுத்தார். குண்டை இரும்பில் வைத்து அடித்தால் குழி விழும். சின்னக் குழி என்றால் கெட்டி இரும்பு, பெரிய குழி என்றால் மெத்து. நல்ல வித்தைதான். ஆனால் மனுசன் எங்கே வைத்தார்? நான் அடித்த அதே தலையில்! குழி சின்னதாக விழுந்தது. சந்தேகம் தீர, அதே குழியில் இன்னொரு அடி. குழி அவ்வளவாகப் பெரிதாகவில்லை.

"பின் நல்ல கெட்டிங்கிறார். கோணலா மாட்டுனது ஒன் குத்தம்தான்" என்றார் றோலண்ட். முகத்தில் என்ன ஒரு நிம்மதி!

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அடிபட்ட இரும்பு இறுகாம என்னங்க செய்யும்? லயத்து வாசல் மண்ணு மிதிபட்டுக் கல்லாட்டம் கெடக்கு. அதுக்காகத் தோட்டம் பூராவும் பாறையா? உள்ள அடிச்சுப் பாக்கச் சொல்லுங்க!"

"வாய மூடு, பொன்னையா."

மூடவில்லை. பின்னை வைசில் இறுக்கி, தலைக்கு ஓர் அங்குலம் கீழே இரும்பறுக்கும் வாளைப் போட்டேன். றோலண்ட் கத்தக் கத்த அறுத்தேன். மீதித் துண்டின் புது முகத்தை அரத்தால் ராவி நீட்டினேன். என்ஜினியர் மறுபடி குண்டை வைத்து, அதே அளவு அடித்தார். குழி அகலமாக விழுந்தது. பூதக்கண்ணாடியில் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சின்னக் குழி விழுந்த தலைத்துண்டை மட்டும் பெட்டியில் போட்டுக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் தோட்டத்துத் துரையின் பங்களாவுக்குப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் பத்துச்சீட்டு வந்தது. தோட்டத்துச் சாமானை அனுமதியில்லாமல் அறுத்தேனாம்! இரும்பு மெத்து என்று அதில் ஒரு வார்த்தை? மூச்! பாவிகள்.

ஆனால் மற்றத் துண்டை மறந்துவிட்டார்கள். அது என்னிடம் இருந்தது.

மறுநாள் யூனியன் ஆபீஸ் இருக்கும் அட்டன் நகருக்குப் பஸ் ஏறினேன். சின்னராசாவும் வந்தான். அவனுடைய வலது சட்டைக் கை காலியாக ஆடியது. பையிலிருந்த துண்டைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டான்.

"கனக்கும்டா, குடு" என்றேன்.

"இருக்கட்டும்ணே. மேசையில நான்தான் வைப்பேன்."

அட்டன் போய்ச் சேரும்வரை அவனுடைய இடது கைக் கட்டைவிரல் அந்த அகலக் குழியை விட்டு எழவில்லை.