ஒட்டுத்தலை வண்டு

வண்டுக்காரிக்கு வயிறு பற்றி எரிந்தது. வீட்டில் எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். புதுப் பூச்சிகளை வகை பிரித்துப் பெயர் வைப்பதுதான் அவள் பிழைப்பு. அந்தப் பிழைப்பில் மண்ணள்ளிப் போட்டவர் அவள் வேலை பார்த்த பூச்சி ஆய்வகத்தின் இயக்குநர்.

அக்காவும் அவளும் காட்டில் சுற்றிய ஒரு நாள், மட்கிக் கிடந்த மரத்துக்குள் அக்காதான் துணிந்து கையை விட்டாள். கை நிறையக் கறுப்பு வண்டுகள். உலகத்தில் யாரும் இதுவரை பெயர் வைக்காத இனம். கொஞ்ச நாளில் அக்கா நோயில் விழுந்தாள்.

"அதுக்கு உன் பேருதான்க்கா" என்றாள் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே.

"வண்டுக்கு வைக்க என் பேருதான் கிடைச்சுதாடி?" என்று அக்கா மூச்சு வாங்கச் சிரித்தாள். அப்புறம் வருகிற நர்ஸிடமெல்லாம் அதைச் சொல்லித்தான் பெருமையடித்துக்கொண்டாள்.

தங்கை லீவில் இருந்த அந்த நேரம் பார்த்து, இயக்குநர் அதே வண்டுக்குத் தன் மாமனார் பெயரை வைத்து ஆய்விதழில் போட்டுவிட்டார். முதலில் அச்சில் வந்த பெயர்தான் செல்லும். அது இந்தத் தொழிலின் சட்டம். கூட வேலை பார்ப்பவர் போனில் சொன்னபோது அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அக்காவிடம் மூச்சுவிடவில்லை. அக்கா ஒன்றும் தெரியாமலே கண்ணை மூடினாள்.

எல்லாம் முடிந்து ஆபீசுக்கு வந்தவள் அந்தக் கட்டுரையைப் பிரித்தாள். படத்தில் வண்டின் நெற்றியில் ஒரு கொம்பு! அடப்பாவி மனுஷா! அக்கா பிடித்த வண்டுக்குக் கொம்பே கிடையாது. பள்ளிப் பிள்ளைகள் பார்க்கும் கண்ணாடிப் பெட்டிக்காக, அவற்றில் தலை உடைந்துபோன ஒன்றுக்கு இவள்தான், ஊரெல்லாம் திரியும் கொம்பு வண்டின் தலையைப் பசை போட்டு ஒட்டி வைத்திருந்தாள். 'காட்சிக்கு மட்டும்' என்று ஊசியில் சீட்டும் குத்தியிருந்தாள். முழு வண்டுகள் அவளுடைய அலமாரியில் பூட்டிக் கிடந்தன. அந்த ஒட்டு வண்டையே எடுத்துப் படம் போட்ட அவசரக்குடுக்கை சீட்டைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

வண்டையும் பூதக்கண்ணாடியையும் அவர் மேஜையில் வைத்தாள்.

"சார், இந்தத் தலை எந்த வண்டோடது?"

கழுத்தில் பசை பளபளத்தது. அவர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார்.

"வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்மா. தலை தப்பு, உடம்புக்குத்தான் இந்தப் பேருன்னு திருத்தம் போட்டுடலாம். உன்னையும் கட்டுரையில சேர்த்துக்கறேன்."

"உங்க மாமனார் அந்தக் காட்டுப் பக்கம் தலை வச்சுப் படுத்திருப்பாரா சார்? நான் ஆஸ்பத்திரியில உக்காந்திருந்தப்ப பெட்டியைத் திறந்தீங்களே, கை கூசலையா?"

சொல்ல வேண்டியதை அவள் சொல்லி முடித்தாள். ஒரு பெயருக்கு அத்தாட்சியாக வைத்த உடலில் இரண்டு பூச்சி கலந்திருந்தால், பெயர் எந்தத் துண்டுக்கு என்று முதலில் அச்சில் சொல்பவர் தீர்மானிக்கலாம். அவள் அதைத் தலைக்கே கொடுக்கப்போகிறாள். கொம்பு வண்டுக்கு ஏற்கெனவே பழைய பெயர் இருக்கிறது. ஆகவே மாமனார் பெயர் செல்லாது; அக்காவின் வண்டு மறுபடியும் பெயரில்லாத வண்டு.

"பாவம்மா, அவர் வயசானவர்..."

"எங்க அக்கா வயசாகாமலே போயிட்டா சார்."

எல்லாப் பக்கமும் படமெடுத்து, அவர் கண்ணெதிரிலேயே கழுத்தில் வெந்நீர் சொட்டினாள். பசை இளகித் தலை கழன்றது. அதைச் சின்னக் கிண்ணத்தில் போட்டு அவர் பக்கம் தள்ளினாள்.

"இந்தாங்க. உங்க மாமனார்."

அவள் கட்டுரை அச்சில் வந்த அன்று அக்கா வீட்டுக்காரருக்குப் போன் செய்தாள்.

"மாமா, அக்கா பேரு வந்துடுச்சு."



"அவ கேட்டுக்கிட்டே இருந்தாம்மா, எப்ப வரும்னு. இப்ப யாருகிட்ட போய்ச் சொல்றது?"

போனை வைத்த பிறகும் அவளுக்குக் கோபம் அடங்கவில்லை.