முதல் பக்கத்தில் ஜனாதிபதி ஜெயித்தார்

1.

இந்தக் கதை ஒரு ஜோடி ஓட்டக் காலணியில் பிறந்தது. வாஷிங்டனில் இருக்கும் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குள் கேமராவுக்கு அனுமதி இல்லை. அச்சான தீர்ப்பை வாங்கிக்கொண்டு வெளியே நிற்கும் தொலைக்காட்சிக்காரர்களிடம் ஓடுவதற்கென்றே ஆட்கள் உண்டு. மேலே கோட்டும் டையும், கீழே ஓட்டக் காலணி. சிரித்துக்கொண்டேதான் எழுத உட்கார்ந்தேன். அப்புறம் வசமாக மாட்டிக்கொண்டேன்.

2.

முதல் தொடக்கம்: "போர் மூண்டதும் ஜனாதிபதி கையெழுத்திட்ட ஆணையில்—" வேண்டாம். ஜனாதிபதியை உள்ளே விட்டால் கதை முழுக்க அவரே பேசுவார்.

இரண்டாம் தொடக்கம்: கிளெமென்ட் பிராடஸ், பால்டிமோர்க்காரன், கப்பல் இன்ஜின் மெக்கானிக். போருக்கு முந்தைய வாரம் எதிரி நாட்டுத் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கப்பலைப் பழுது பார்த்தான். ஊர் திரும்பியதும் ஜனாதிபதியின் ஆணைப்படி அவனைக் கடற்படைச் சிறையில் அடைத்தார்கள். வழக்கு இல்லை. எவ்வளவு காலம் என்று கேட்டால் பதிலும் இல்லை. இது போதும்.

(கிளெமென்ட் குற்றம் செய்தானா என்று என்னைக் கேட்காதீர்கள். எழுதுகிறவனுக்கே தெரியாதா என்றால், தெரியாதுதான். அதைக் கண்டுபிடிக்கத்தானே நீதிமன்றம்?)

3.

நீதிமன்றப் படிக்கட்டு. கிளெமென்டின் மனைவி ஒடெஸா, அம்மா வெர்னா, பக்கத்து வீட்டுக்காரனாக நான். (ஆமாம், என்னையும் நுழைத்துவிட்டேன். பால்டிமோரில் பாதி ஆயுசைக் கழித்தவனுக்கு அந்த உரிமைகூட இல்லையா?)

"உள்ள போய் உக்காந்திருக்கலாமே?" என்றேன்.

"உள்ள அழக்கூடாதாம்," என்றாள் ஒடெஸா. "வெளியன்னா யாரைக் கேக்கணும்?"

"அழறதுக்கு எடம் பாத்துட்டு வந்திருக்கா பாருங்க," என்றாள் வெர்னா. அவள் மடியில் பொரித்த மீனும் ரொட்டியும் கட்டிய பொட்டலம். "சாப்பிடுடி."

"எறங்காது அத்தை."

அப்போது ஓட்டக் காலணிகள் வந்தன. தொலைக்காட்சிக்காரர் காகிதத்தைப் பிடுங்கி, முதல் பக்கத்தை நின்ற இடத்திலேயே வாசித்தார்: "போர்க்காலத்தில் ஒருவரைப் பிடித்து வைக்க ஜனாதிபதிக்கு அதிகாரம் உண்டு! ஜனாதிபதிக்கு வெற்றி!"

அழுவதற்கென்றே வெளியே நின்ற ஒடெஸாவுக்கு அழுகை வரவில்லை. வெர்னாதான் "நாசமாப் போறவனுங்க!" என்று கத்தினாள்.

[இங்கேயே ஒரு முடிவு எழுதினேன்: மூவரும் பேசாமல் ரயிலேறி— அடித்துவிட்டேன். எனக்கே தாங்கவில்லை.]

4.

வக்கீல் மிரியம் கிளிக் வெளியே வந்தார். முழங்கால் வலிக்காரர். ஒவ்வொரு படியாகத்தான் இறங்குவார்.

"எதுக்கு எழவு வீடு மாதிரி நிக்கறீங்க?"

"தோத்துட்டோம்னு டிவிக்காரன் சொல்லிட்டானே," என்றாள் வெர்னா.

"அவன் ஒரு பக்கம் படிச்சான். நான் எப்பவும் கடைசிப் பக்கத்துலேருந்துதான் படிப்பேன். கேளும்மா ஒடெஸா." கண்ணாடியை மூக்கில் ஏற்றி வாசித்தார்: "பிடிக்கும் அதிகாரம் உண்டு. காரணம் காட்டாமல் வைத்திருக்கும் அதிகாரம் போரிலும் கிடையாது. ஒரு வாரத்துக்குள் அவரை நீதிபதி முன் நிறுத்துங்கள். இல்லையேல் விடுதலை செய்யுங்கள்."

"ஜனாதிபதி கேப்பாரா?" என்றாள் ஒடெஸா.

"கேட்டுத்தான் ஆகணும். அவருக்கும் சேத்துதான் எழுதியிருக்கு."

ஒடெஸா படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். அழுதாள், சிரித்தாள், பொட்டலத்தைப் பிரித்தாள். "அத்தை, காரச் சாஸ் எங்க?"

"அந்த டிவிக்காரனுக்கும் ஒரு துண்டு குடுடி," என்றாள் வெர்னா. "இப்பதான் ரெண்டாம் பக்கம் வந்திருக்கான், மூஞ்சியப் பாரு."

அப்பாடா என்றிருந்தது. எழுதும்போதும் அப்படித்தான் இருந்தது, ஒரு காப்பி போட்டுக் குடித்தேன்.

5.

இனி முடிவு. விசாரணை நாளில் கிளெமென்ட்— நிறுத்தினேன். தொலைபேசி அடித்தது. வெர்னா.

"கதைல என் புள்ள வீட்டுக்கு வந்துட்டானா இல்லையா?"

"இன்னும் எழுதலம்மா."

"அப்ப அவன உள்ள வச்சிருக்கறது யாரு? ஜனாதிபதியா, நீங்களா?"

இரண்டாம் பகுதியில் ஒரே வாக்கியத்தில் அவனை அடைத்தவன் நான்தானே. கதை நகர வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணம் என்னிடம் இல்லை. இந்தக் காகிதத்துக்குள் என்னை யார் கேட்பது என்றல்லவா இருந்துவிட்டேன்?

நீங்கள் கேட்கலாம். இதோ, கிளெமென்டை உங்கள் முன் நிறுத்திவிட்டேன். தீர்ப்பைச் சொல்லுங்கள், நான் கட்டுப்படுகிறேன். கொஞ்சம் சீக்கிரம் சொன்னால் நல்லது. வெர்னா மீன் பொரிக்க எண்ணெய் காயவைத்துவிட்டாள்.