மெல்லக் கூப்பிட்ட பெயர்

பழைய நீதிமன்றம் ரயில் நிலையமான மூன்றாம் மாதம், பதினோரு வருடங்களுக்கு முன் வாய்தாவுக்கு வராமல் போன ஒருவர் இரண்டாம் நடைமேடையில் வந்து இறங்கினார். கையில் வழக்குக் கட்டு, முகமெல்லாம் வேர்வை. "என் பேரைக் கூப்பிட்டாங்களே, எந்த ரூமுங்க?" என்று டிக்கெட் பரிசோதகரைக் கேட்டார். அறைகள் எங்கே இருக்கின்றன? நகரும் படிக்கட்டும் காபி இயந்திரமும்தான் இருந்தன. தொண்ணூறு வருடங்களாக நீதிமன்றச் சேவகர்கள் மும்முறை உரக்கக் கூப்பிட்ட பெயர்களைச் சுவர்கள் உள்ளே வாங்கி வைத்திருந்தன. மேல்பூச்சைச் சுரண்டியதும் ஒவ்வொன்றாக வெளியே வர ஆரம்பித்தன. வராமல் போனவர் எங்கிருந்தாலும் அது காதில் விழுந்து, அடுத்த ரயிலில் வந்துவிடுவார். நிர்வாகம் அவர்களுக்கென்று ஒரு பெஞ்சு போட்டு, திரும்பிப் போக இலவச டிக்கெட்டும் கொடுத்தது.

மூன்றாம் கவுண்டரில் டிக்கெட் கொடுத்த பெண்மணி அந்த இடத்தைக் கேட்டு வாங்கியிருந்தார். முன்பு குடும்ப வழக்குகள் நடந்தது அங்கேதான். பதினெட்டு வருடங்களுக்கு முன், ஒரு வாய்ச்சண்டையின் சூட்டில், கணவர்மேல் விவாகரத்து வழக்குப் போட்டார். கணவர் வரவில்லை என்று ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பானது. அதன்பிறகு அந்த மனிதரை யாரும் பார்க்கவில்லை. தீர்ப்பு கைக்கு வந்த அன்றே கோபம் போய்விட்டது, ஆசை போகவில்லை. ஊரில் உள்ளவர்கள் பெயரெல்லாம் சுவரிலிருந்து வந்தது, கணவர் பெயர் மட்டும் வரவே இல்லை.

கடைசியில், அன்று பெயர் கூப்பிட்டு இப்போது ஓய்வுபெற்றிருந்த சேவகரைத் தேடிப்போய்க் கேட்டார். சேவகர் தலையைச் சொறிந்தார். "நீ முன்வரிசையில அழுதுட்டு இருந்தேம்மா. அவன் வராம இருந்தா சீக்கிரம் முடிஞ்சிடுமேன்னு வாய்க்குள்ளயே கூப்பிட்டேன். உனக்கு நல்லது பண்றதா நெனச்சேன்."

மறுநாள் நாலு மணி வண்டியின் அறிவிப்பு முடிந்ததும் அந்தப் பெண்மணி மைக்கை வாங்கி, கணவர் பெயரை மூன்று முறை, தொண்டை கிழியக் கூப்பிட்டார். ரயிலிலிருந்து கணவர் இறங்கவில்லை. வாசல் வழியாக, வாகன நிறுத்தத்தின் பக்கமிருந்து, வழக்கு நாளன்று போட்ட அதே சட்டையில், ஒரு நரைமுடிகூட இல்லாமல் நடந்து வந்தார். உள்ளே கூப்பிடுவார்கள் என்று இத்தனை வருடமும் வெளியே வாகன நிறுத்தத்திலேயே, யார் கண்ணிலும் படாமல் நின்றிருக்கிறார்.

"இப்பதான் கூப்பிட்டாங்க," என்றவர், மனைவியின் வெளுத்த தலையைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ரொம்ப நேரமாயிடுச்சா?"

"உக்காருங்க. டூட்டி முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு," என்றார் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

வரிசையில் நின்றவர்கள் பக்கத்துக் கவுண்டருக்கு நகர்ந்தார்கள். மறுநாளிலிருந்து வாகன நிறுத்தத்தில் ஒரு வண்டி கூடுதலாக நிறுத்த முடிந்தது.